காற்றுக்கு ஒரு வழி, மின்சாரத்துக்கு ஒரு வழி

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் எங்கள் பாலாறு, 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அத்தகைய மழை வாரங்களில் வெயில் முகம் காட்டாது. துவைத்த துணி மூன்று நாளானாலும் கொடியிலேயே கிடந்து முடைநாற்றம் வீசும்.

ஆம்பூரில் என் அத்தை வீட்டில் மகனும் மருமகளும் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் தினமும் சீருடை. பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை. சென்ற மழைக்காலத்தில் தவணை முறையில் துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். நான் போயிருந்த அன்று அது ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்துத் தகட்டில் தற்செயலாகக் கை பட்டது. 'சுள்' என்றது.

"லேசாத்தான் இருக்கும் தம்பி. செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொட்டா ஒண்ணும் பண்ணாது" என்றார் அத்தை.

இயந்திரத்தின் பின்புறம் எட்டிப் பார்த்தேன். இடம் போதவில்லை என்று சுவரோடு சுவராகத் தள்ளி வைத்திருந்தார்கள். ஈரக் காற்று வெளியேறும் குழாய் மடங்கி நசுங்கிக் கிடந்தது. "முன்னெல்லாம் ஒரு மணி நேரத்துல காஞ்சிடும், இப்ப இரண்டு மணி நேரம் ஆகுது" என்பது அத்தையின் அடுத்த குறை.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறைகளாக இவை தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வகைத் தவறு. துணி உலர்த்தி ஒழுங்காகவும் ஆபத்தின்றியும் வேலை செய்ய இரண்டு வழிகள் திறந்திருக்கவேண்டும். ஒன்று, ஈரத்தைச் சுமந்த காற்று வெளியேறும் வழி. மற்றொன்று, கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போகும் வழி. அத்தை வீட்டில் இரண்டுமே அடைபட்டிருந்தன. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

துணி ஏன் உலர்கிறது?

நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும் என்பது பள்ளியிலேயே படித்த பாடம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பம் தேவை. இதையே நீராவியின் உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஆனால் வெப்பம் மட்டும் போதாது. உண்டான ஆவியை ஏற்றுக்கொள்ளச் சுற்றியுள்ள காற்றில் இடம் இருக்கவேண்டும். ஏற்றுக்கொண்ட காற்று நகர்ந்து புதுக் காற்றுக்கு வழிவிடவும் வேண்டும். வெப்பம், காற்றின் வறட்சி, காற்றின் ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் துணி உலரும்.

காற்றில் இடம் என்பது என்ன? ஒரு கன மீட்டர் காற்று 25 டிகிரியில் அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் 51 கிராம் தாங்கும். 60 டிகிரியிலோ 130 கிராம்!

வேலூரின் மே மாத நண்பகலை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 40 டிகிரி. ஈரப்பதம் 30 விழுக்காடு என வைத்துக்கொள்வோம். காற்றில் ஏற்கெனவே இருப்பது சுமார் 15 கிராம். இன்னும் 36 கிராமுக்கு இடம் இருக்கிறது. கொடியில் போட்ட துணி, போட்டவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும்.

இப்போது கார்த்திகை மாத மழை நாளுக்கு வருவோம். வெப்பநிலை 25 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு. தாங்கக்கூடிய 23 கிராமில் ஏறத்தாழ 21 கிராம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மிச்சம் 2 கிராம்தான். மே மாதக் காற்றோடு ஒப்பிட்டால் இடம் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. துணி எப்படிக் காயும்?

இதே மழைக்காலக் காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் என்னாகும்? அதிலுள்ள நீராவி கூடவில்லை. தாங்கும் திறன் மட்டும் பல மடங்கு கூடிவிடுகிறது. ஒரு கன மீட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் இடம் கிடைக்கிறது. ஈரத்தை ஏற்கும்போதே காற்று குளிர்ந்துவிடுவதால் நடைமுறையில் அந்த இடம் முழுவதும் பயன்படாது. ஆயினும் 2 கிராம் எங்கே, இது எங்கே! துணி உலர்த்தியின் தத்துவம் இவ்வளவுதான். கார்த்திகைக் காற்றை அது சிறிது நேரத்துக்குச் சித்திரைக் காற்றாக மாற்றுகிறது.

தோல் ஆலை தரும் பாடம்

உலர்த்தும் கலையை எங்கள் பகுதி நெடுங்காலமாக அறியும். வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில், பதனிட்ட ஈரத் தோலை உலர்த்துவது தனி வேலை. ஆலைக்குள் போய்ப் பார்த்தவர்கள் மூன்று செய்திகளைக் கவனித்திருப்பார்கள்.

முதலாவது, ஈரத் தோலை நேரே சூட்டில் போடமாட்டார்கள். கம்பளி சுற்றிய உருளைகளுக்கிடையே செலுத்தி, பிழியக்கூடிய நீரையெல்லாம் முதலில் பிழிந்துவிடுவார்கள். இதைச் 'சாமிங்' என்பார்கள்.

இரண்டாவது, மேல்தளத்தில் தோலைத் தொங்கவிடும் கொட்டகைக்குச் சுவர்கள் முழுவதும் காற்று நுழையும் திறப்புகள் இருக்கும். தோலுக்குத் தோல் இடைவெளியும் இருக்கும். தோலைத் துளைச் சட்டத்தில் இழுத்துக் கவ்வி, சூடான அறையில் உலர்த்தும் முறையிலும் விசிறிகள் காற்றை ஓட்டியபடியே இருக்கும்.

மூன்றாவது, சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. நனைந்த பச்சைத் தோல் சுமார் 60 டிகிரியைத் தாண்டினாலே சுருங்கத் தொடங்கும். பதனிட்ட தோல் இதைவிட அதிகச் சூட்டைத் தாங்கினாலும், அவசரப்பட்டு உலர்த்தினால் விறைத்துப் போகும். அதனால்தான் வெற்றிட உலர்த்தியைப் பயன்படுத்துகிறார்கள். வழவழப்பான வெந்தகட்டின்மேல் தோலை விரித்து, மூடியை இறக்கி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிடுவார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 14-இல் ஒரு பங்காகக் குறைத்தால் நீர் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். தோலைச் சுடாமலே ஈரத்தைப் போக்கிவிடலாம்.

முதலில் பிழி, காற்றை ஓடவிடு, சூட்டை அளவோடு வை. ஆலையின் இந்த மூன்று விதிகளும் வீட்டு உலர்த்திக்கும் அப்படியே பொருந்தும். தோல் பை, இடைவார், காலணி ஆகியவற்றை உலர்த்திக்குள் போடக்கூடாது என்பதற்கும் காரணம் இங்கேயே கிடைத்துவிட்டது அல்லவா?

முதலில் பிழிக

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரம். அதன் சிறிய தொட்டியை 'டிரையர்' என்று அழைக்கிறோம். உண்மையில் அது உலர்த்துவதில்லை, பிழிகிறது. நிமிடத்துக்கு 1,300 சுற்று, தொட்டியின் ஆரம் 12 செண்டிமீட்டர் எனக் கொண்டு கணக்கிட்டால், தொட்டிச் சுவரை ஒட்டியுள்ள துணிக்குப் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 225 மடங்கு முடுக்கம் கிடைக்கிறது. ஒரு கிலோ துணி அந்தக் கணத்தில் 225 கிலோ போலச் சுவரை அழுத்துகிறது! அவ்வளவு அழுத்தத்தில் நூலிடையே தங்கிய நீர் துளைகள் வழியே பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது.

கையால் பிழிந்த பருத்தித் துணியில் ஏறத்தாழ அதன் உலர்ந்த எடைக்குச் சமமான நீர் தங்கியிருக்கும். நன்றாகச் சுழற்றியபின் அது ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். 5 கிலோ துணியில் 5 கிலோ நீர் 3 கிலோவாகிறது என்று வையுங்கள். நீங்கிய 2 கிலோ நீரை வெப்பத்தால் ஆவியாக்கியிருந்தால் 4,860 கிலோஜூல், அதாவது ஏறத்தாழ 1.35 யூனிட் மின்சாரம் செலவாகியிருக்கும். சுழற்றும் மோட்டாருக்கோ, இரண்டு மூன்று தவணையாகப் போட்டாலும், ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு போதும்.

ஆனால் அந்த 225 மடங்கு விசையை மறந்துவிடக்கூடாது. மூடியைத் திறந்ததும் மின்சாரம் நின்றுபோகும். தொட்டி உடனே நின்றுவிடாது. தடைக்கட்டை தேய்ந்திருந்தால் மேலும் பல நொடிகள் சுழலும். அந்நேரம் கையை விட்டால் துணி கையைச் சுற்றி முறுக்கிவிடும். சுழற்சி முற்றிலும் நின்றபிறகே கையை உள்ளே விடவேண்டும். மூடியைத் திறந்தும் தொட்டி ஓடினால், அல்லது நிற்க வழக்கத்தைவிட நேரமானால், பழுது பார்க்கும்வரை அதைப் பயன்படுத்தக்கூடாது. துணியை ஒரே பக்கமாகத் திணிக்காமல் சுற்றிலும் சமமாக அமுக்கி, மேலே வட்டத் தட்டைப் போட்டு மூடுவது தொட்டியின் ஆட்டத்தைக் குறைக்கும்.

உலர்த்தியின் உள்ளே

உண்மையான துணி உலர்த்தியின் வரலாறு நீண்டது. அமெரிக்கரான ஜார்ஜ் சாம்ப்சன், அடுப்பின் வெப்பத்தால் துணி உலர்த்தும் சட்டம் ஒன்றுக்கு 1892-இல் காப்புரிமை பெற்றார். சுழலும் உருளைக்குள் சூடான காற்றைச் செலுத்தும் மின் உலர்த்தி அந்நாட்டில் 1930-களின் இறுதியில் கடைக்கு வந்தது. இன்றும் அடிப்படை அமைப்பு அதுவே. மின்கம்பிச் சுருள் காற்றைச் சூடாக்குகிறது. விசிறி அதை உருளைக்குள் செலுத்துகிறது. உருளை மெதுவாகச் சுழன்று துணியைப் புரட்டிப் போடுகிறது. ஈரமான காற்று ஒரு சல்லடையைக் கடந்து வெளியேறுகிறது.

வெளியேறும் காற்றை என்ன செய்வது என்பதில்தான் வகைகள் வேறுபடுகின்றன. குழாய் வழியே வீட்டுக்கு வெளியே அனுப்புவது ஒரு வகை. உள்ளேயே குளிர்வித்து, நீரைத் தனித் தொட்டியில் சேர்ப்பது மற்றொரு வகை. குளிர்பதனப் பெட்டியைப் போன்ற அமைப்பால், குளிர்விக்கும்போது கிடைத்த வெப்பத்தையே மறுபடி பயன்படுத்துவது மூன்றாவது வகை. இதற்கு மற்றவற்றில் ஏறத்தாழ பாதி மின்சாரம் போதும்.

குழாய் வைத்த வகையில் குழாயை வெளியே விடாமல் அறைக்குள்ளேயே விட்டுவிடுபவர்கள் உண்டு. என்ன நேரும் என்று கணக்கிடுவோம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கும். 28 டிகிரியில் அது முழுவதும் வறண்டிருந்தால்கூட ஒரு கிலோ நீராவியைத்தான் தாங்கும். நாம் வெளியேற்ற வேண்டியதோ 3 கிலோ! மிச்சமெல்லாம் சுவரிலும் கூரையிலும் பீரோவிலுள்ள துணியிலும் ஈரமாகப் படியும், பூஞ்சை பிடிக்கும். அந்த ஈரக் காற்றையே இயந்திரம் திரும்ப இழுத்துச் சூடாக்குவதால் துணியும் காயாது.

காற்று வழி அடைபட்டால்

துணி உருண்டு புரளும்போது நுண்ணிய பஞ்சுத் தூசி உதிர்கிறது. பெரும்பகுதியைச் சல்லடை பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அதைச் சுத்தம் செய்யாவிட்டால் காற்றோட்டம் படிப்படியாகக் குறையும். சுருள் தரும் வெப்பமோ குறையாது. அதே வெப்பத்தைக் குறைந்த அளவு காற்று சுமக்கவேண்டியிருப்பதால் காற்றின் வெப்பநிலை ஏறும். அளவு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறது. ஆனால் அதற்கும் பழுது வரலாம். அப்போது சூடான சுருளுக்கு அருகிலேயே எளிதில் பற்றும் பஞ்சுத் தூசி குவிந்திருந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இது வெறும் கற்பனை அச்சமன்று. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தகவலைத் தொகுத்து வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டு வீடுகளில் துணி உலர்த்தியால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்ந்தன. ஆண்டுக்கு ஐந்து பேர் இறந்தனர். நூறு பேர் காயமுற்றனர். முதற்காரணம் இயந்திரக் கோளாறு அன்று, சுத்தம் செய்யாமை! 2016 ஆகஸ்டில் இலண்டனில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஏழாவது மாடியில் எழுந்த தீக்குப் பழுதான துணி உலர்த்தியே காரணம் என அந்நகரத் தீயணைப்புப் படை கண்டறிந்தது. வீட்டில் யாரும் இல்லாதபோதும் எல்லோரும் உறங்கும்போதும் உலர்த்தியை ஓடவிடாதீர்கள் என்பது அவர்களின் அறிவுரை. இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் பழக்கம் நமக்கும் வேண்டாம்.

சல்லடையை ஒவ்வொரு முறையும் கையால் வழித்தெடுக்கவேண்டும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்கு காயவைத்துப் பொருத்தவேண்டும். வெளியேற்றுக் குழாய் குட்டையாகவும் நேராகவும் இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயைவிட உலோகக் குழாய் நல்லது. பிளக்கைக் கழற்றிவிட்டுக் குழாயை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்கவேண்டும். இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையே, கையேட்டில் சொன்ன இடைவெளி கட்டாயம் வேண்டும். உலர எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போவது இயந்திரம் உங்களுக்கு அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் எனக் கொள்க.

எண்ணெயும் தின்னரும் பட்ட துணி

எங்கள் பகுதியினர் தனியே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. காலணித் தொழிற்சாலையில் ஒட்டும் பிரிவில் வேலை செய்பவர்களின் உடையில் 'சொல்யூஷன்' எனப்படும் பசையும் தின்னரும் படும். தோலுக்குச் சாயமும் மெருகும் ஏற்றுபவர்களின் உடையிலும் இத்தகைய கரைப்பான்கள் ஏறும். இவை எளிதில் ஆவியாகும், எளிதில் தீப்பற்றும். இத்தகைய துணியை மூடிய உருளைக்குள் சூடாக்கினால், தீப்பற்றும் ஆவியும் காற்றும் கலந்த கலவையை நாமே தயாரித்ததாகும். ஒரு சிறு மின்பொறி போதும். இந்த உடைகளை முதலில் திறந்தவெளியில் விரித்து, வாடை முற்றும் போகவிட்டு, பிறகு துவைத்து, கொடியில்தான் உலர்த்தவேண்டும். உலர்த்தி வேண்டவே வேண்டாம்.

எண்ணெயின் கதை வேறு. மீன் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ஓரளவுக்கு நல்லெண்ணெய் ஆகியவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரியும். வினையில் வெப்பம் பிறக்கும். துணியில் பரவிய எண்ணெய்க்குக் காற்றோடு தொடும் பரப்பு மிக அதிகம். அதைச் சூடாகவே சுருட்டிக் குவித்துவிட்டால் பிறந்த வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற வினை வேகமாகும். வினை வேகமாக ஆக, சூடு இன்னும் ஏறும். இறுதியில் தீக்குச்சி இல்லாமலே புகைந்து பற்றலாம். மீன் எண்ணெய் ஊட்டி மென்தோல் செய்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். அடுக்கிவைத்த தோல் தானே சூடேறிக் கருகிவிடாதபடி அவ்வப்போது பிரித்துப் போட்டு ஆறவிடுவார்கள்.

தீபாவளி எண்ணெய்க் குளியலும் அடைமழையும் ஒரே ஐப்பசியில் வருகின்றன. நல்லெண்ணெய் ஊறிய துண்டுகளையும் அடுப்படிக் கைப்பிடித் துணிகளையும் சோப்பும் வெந்நீரும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துவைத்தாலும், கொடியில் போடுவதே நல்லது.

உலர்த்தி தன் ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களில் சூடில்லாத காற்றைச் செலுத்துவதும் இதற்காகவே. அவசரப்பட்டு இடையில் நிறுத்தாதீர்கள். ஓடும்போது மின்சாரம் போய்விட்டால், கதவைத் திறந்து, துணியைக் கவனமாக வெளியே எடுத்து, பரப்பிப் போட்டு ஆறவிடுங்கள். சூடான துணிகளை உள்ளேயே குவியலாக விட்டுவைக்கவேண்டாம்.

மின்சாரத்துக்கு ஒரு வழி

இனி அத்தை வீட்டு 'சுள்'ளுக்கு வருவோம். 2,000 வாட் உலர்த்தி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் பெரிய மூன்று முள் பிளக்கில்தான் செருகவேண்டும். நீட்டிப்புப் பலகையோ இரண்டு முள் மாற்றியோ கூடாது; சூடேறி உருகும்.

அந்த மூன்றாவது தடித்த முள் எதற்கு? இயந்திரத்தின் உலோக உடலை, பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி வழியே, மண்ணோடு இணைப்பதற்கு. இதைத்தான் 'எர்த்' என்கிறோம். உள்ளே ஏதோ ஒரு கம்பியின் உறை தேய்ந்து உடலைத் தொட்டுவிட்டால், மின்னோட்டம் இந்த வழியே மண்ணுக்குப் போய்விடும். இந்த வழி இல்லையென்றால் உடல் தகடு மின்னேறிக் காத்திருக்கும். அதைத் தொடும் மனிதரே வழியாகிவிடுவார்.

ஈரக் கையும் ஈரத் தரையுமாக நிற்கும் மனித உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்குக் குறையலாம். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க இது மிக அதிகம். "பெட்டியில் எம்.சி.பி. இருக்கிறதே, விழுந்துவிடாதா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விழாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே அன்று. அது கம்பி எரியாமல் காப்பதற்கு வைத்தது. மனிதரைக் காப்பதற்கு அன்று.

எர்த் இருந்தால் மட்டும் போதுமா? எர்த்தின் மின்தடை 5 ஓம் என்றால் கசிவு மின்னோட்டம் 46 ஆம்பியர் ஆகும், எம்.சி.பி. விழும். ஆனால் எங்கள் ஊர் பாறைப் பூமி. கோடையில் மண் வறண்டுபோகும். எர்த்தின் தடை 50 ஓமாக உயர்ந்துவிட்டால் மின்னோட்டம் 4.6 ஆம்பியர்தான். எம்.சி.பி. அசையாது, உடல் தகட்டில் ஆபத்தான மின்னழுத்தம் நின்றுகொண்டேயிருக்கும். எர்த் குழிக்கு அவ்வப்போது நீர் ஊற்றச் சொல்லும் பழைய வழக்கத்தின் பொருள் இதுவே.

இந்த இடைவெளியை அடைப்பதுதான் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, ஒரு நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த்தும் இருந்தால், நாம் தொடுவதற்கு முன்பே கசிவைக் கண்டு துண்டிக்கும். எர்த் இல்லாவிட்டால், யாராவது தொட்டபிறகுதான் அதற்குத் தெரியும். ஆகவே ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பது தவறு. இரண்டும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டி' என்ற சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விசை விழவில்லையென்றால் உடனே மாற்றுங்கள்.

செருப்பு காப்பாற்றும் என்பது பாதி உண்மை. உலர்ந்த ரப்பர் செருப்பு கால் வழியே போகும் பாதையைத் தடுக்கலாம். ஆனால் நனைந்த செருப்பு? மறுகை குழாயைப் பிடித்திருந்தால்? சின்னக் குழந்தை வெறுங்காலோடு வந்து தொட்டால்? செருப்பு ஆபத்தை நீக்குவதில்லை. 'சுள்' என்ற எச்சரிக்கையை மட்டும் மறைத்துவிடுகிறது.

கொடியும் கம்பியும்

உலர்த்தி இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். மழைக்காலம் தோறும் மின்வாரியம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றை நீங்கள் படித்திருக்கலாம்: மின்கம்பத்திலும் அதைத் தாங்கும் இழுவைக் கம்பியிலும் கொடி கட்டாதீர்கள் என்பது. நம் ஊர்களில் துணி காயப்போடப் பலர் இரும்புக் கம்பியையே கட்டுகிறார்கள். கூரைத் தகட்டை உரசும் மின்கம்பியின் உறை கிழிந்து, மழையில் அந்தத் தகடு மின்னேறினால், அதோடு சேர்த்துக் கட்டிய கம்பி முழுவதும் மின்னேறிவிடும். இரண்டு கையாலும் ஈரத் துணியைப் பிடித்துக் கம்பியில் போடுபவரைவிட நல்ல மின்கடத்தி வேறென்ன வேண்டும்? ஒருவர் விழுந்தால் தூக்க ஓடிவருபவரும் அதே கம்பியில் சிக்குகிறார்.

கொடிக்கு நைலான் கயிறோ பருத்திக் கயிறோ கட்டுங்கள். அதையும் மின்கம்பிக்கு எட்டத்தில் கட்டுங்கள். நனைந்த கயிறும் மின்சாரத்தை ஓரளவு கடத்தும். யாருக்காவது மின்சாரம் தாக்கினால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அணைக்கும்வரை அவரைத் தொடாதீர்கள்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று துண்டுகளை நனைத்து, ஒரே அளவு பிழிந்து, சமையலறைத் தராசில் எடை போடுங்கள். ஒன்றைச் சன்னலை மூடிய அறையிலும், மற்றொன்றைச் சன்னல் திறந்த அறையிலும், மூன்றாவதைச் சன்னல் திறந்து மின்விசிறிக்குக் கீழேயும் தொங்கவிடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எடையைக் குறித்து வரைபடம் போடுங்கள். காற்றோட்டத்தின் மதிப்பு கண்ணெதிரே தெரியும். மழை நாளிலும் வெயில் நாளிலும் செய்து ஒப்பிட்டால் இன்னும் சிறப்பு. பல வீடுகளில், நன்றாகப் பிழிந்த துணிக்கு ஒரு மின்விசிறியும் திறந்த சன்னலுமே போதும் என்ற முடிவுக்கு நீங்கள் வரக்கூடும்.

அத்தை வீட்டுக்கு மறுநாளே ஒயர்மேனை அழைத்தோம். சுவரிலிருந்த மூன்று துளைப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். மேல் துளையில் எந்தக் கம்பியும் இணைக்கப்படவில்லை. மூன்று முள் பிளக், மூன்று துளைப் பெட்டி, எல்லாம் இருந்தன; வழி மட்டும் இல்லை! எர்த் கம்பி இழுத்தார், ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தினார். பொருத்தியதுமே அது விழுந்தது. இயந்திரத்துக்குள் உறை தேய்ந்த கம்பி ஒன்று தகட்டை உரசிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அத்தையின் செருப்பு மட்டுமே இடையில் நின்றிருக்கிறது.

கம்பியை மாற்றி, இயந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி, குழாயை நிமிர்த்திச் சன்னலுக்கு வெளியே விட்டோம். சல்லடையிலிருந்து ஒரு கைப்பிடிப் பஞ்சு வந்தது. அன்று துணி மறுபடி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. அத்தை தகட்டைத் தொடத் தயங்கினார். மருமகள்தான் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஓர் இயந்திரம் 'லேசாகத்தான்' அதிர்ச்சி தருகிறதா? இன்றே அதன் பிளக்கைக் கழற்றிவையுங்கள். ஒயர்மேன் வந்து பார்க்கும்வரை துணி கொடியிலேயே கிடக்கட்டும். ஈரத் துணி ஒருநாள் தாமதமாகக் காய்ந்தால் நட்டம் ஒன்றுமில்லை.